விசாகனுக்கு எழுதிய மூன்று அட்டைகள்: வன்னிப் பாடசாலை ஒன்றின் ஒருநாள் தொல்லியல் காட்சி

இலங்கையின் வவுனியா வடக்கில், நெடுங்கேணி வீதியிலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போனால் வரும் பாடசாலை ஒன்றில் நான் வரலாறு கற்பித்த காலத்தில் ஒருநாள் தொல்லியல் காட்சி நடத்தினோம். காலை எட்டரைக்குத் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடினோம். காட்சியில் உண்மையான தொல்பொருள் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆனாலும், தொல்லியலை மக்களுக்கு எப்படிக் காட்டுவது என்பதில் எனக்குக் கிடைத்த படிப்பு அந்த ஏழரை மணித்தியாலம்தான். நூதனசாலைகளில் வேலை செய்பவர்களுக்கும் பாடசாலையில் கண்காட்சி வைக்க நினைப்பவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால், எங்கள் பிழைகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

(நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் வைக்கும் இடத்துக்கு நூதனசாலை என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ தெரியாது. பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நானும் ஆண்டுதோறும் பேச்சை மாற்றுகிறேன்.)

சாப்பாட்டுப் பெட்டியில் வந்தது

ஊர்க் குளத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கு மண் போடுவதற்காக அலைகரைப் பக்கம் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கிண்டிய இடத்திலிருந்து, தரம் ஒன்பது மாணவன் ஒருவன் மூன்று ஓட்டுத்துண்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, விளிம்பிலும் கறுப்பு. “சேர், இது பழசா, இல்லை யாராவது எறிந்த சட்டியா?” என்று கேட்டான்.

கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் பெருங்கற்காலக் குடியிருப்புகளோடு சேர்த்துப் பேசப்படுவது. பொம்பரிப்பு ஈமத்தாழிகளிலிருந்து தமிழ்நாட்டுக் கீழடி வரை அகழ்வாளர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓடு அது. நான் உற்சாகப்பட்டிருக்க வேண்டும். உற்சாகத்துக்கு முன்னால் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, எடுத்த இடமும் ஆழமும் தெரியாத ஓடு, பெயர் கிழிந்த அடையாள அட்டை போன்றது. “எங்கே எடுத்தாய்?” என்றேன். “பெக்கோ கொட்டின குவியலில்.” “குவியல் எந்தக் குழியிலிருந்து வந்தது?” அவனுக்குத் தெரியவில்லை. முகம் வாடிப்போயிற்று. கண்டுபிடித்தவனைக் குற்றவாளியாக்கி அல்லவா பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன் என்று அன்றிரவு முழுக்க மனம் உறுத்தியது.

மறுநாள் வகுப்போடு குளத்துக்குப் போனோம். ஓடுகளை அவன் காட்டிய குவியலுக்கு அருகில் வைத்து, அளவுகோலோடு கமராவில் படம் எடுத்தோம். டிமைத் தாளில் குளக்கட்டு, துருசு (மதகு), வான் (மிகைநீர் வழியும் இடம்), பெக்கோ கிண்டிய குழிகள் எல்லாவற்றையும் வரைந்து, ஓடு கண்ட இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். கிராம சேவையாளரிடம் கடிதமும் கொடுத்தோம். ஓடுகள் அங்கேயே இருந்தன. வரைபடம் பாடசாலைக்கு வந்தது. காட்சி வைக்கும் எண்ணம் அந்த வரைபடத்திலிருந்து பிறந்தது.

வன்னியில் “தொல்பொருள்” என்ற சொல்

பாடசாலை அதிபர் முதலில் தயங்கினார். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. வன்னியில் இன்று “தொல்பொருள்” என்றதும் பலருக்கு நினைவு வருவது சட்டியும் பானையும் அல்ல, எல்லைக்கல்லும் நீதிமன்றமும். குமுளமுனைக்கு அருகே குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் அகழ்வு தொடங்கியதிலிருந்து அந்தப் பெயர் செய்தித்தாளை விட்டு அதிகநாள் விலகியிருக்கவில்லை. நெடுங்கேணிப் பக்கத்து வெடுக்குநாறி மலையும் அப்படியே. ஓர் இடத்தைப் பற்றி யாராவது “இது ஆய்வுக்குரிய இடம்” என்று சொன்னால், கேட்பவர் மனதில் எழும் முதல் கேள்வி “அது என்ன காலம்?” என்பதல்ல. “அப்படியென்றால் எங்கள் காணி?” என்பதுதான்.

போர் முடிந்த பின் வன்னிக்கு வந்த பஸ்களில் இருந்தவர்கள் பார்த்ததும் வேறு வகைக் காட்சி. புதுக்குடியிருப்பில் படையினர் வைத்திருந்த கைப்பற்றிய படகுகளும் ஆயுதங்களும் ஒரு பக்கம். 2013 ஒக்டோபரில் தகர்க்கப்படும்வரை வரிசையில் நின்று பார்க்கப்பட்ட, புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு இன்னொரு பக்கம். காட்சி என்றால் வென்றவர் தோற்றவர் பொருளைக் காட்டுவது என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வவுனியா நகரில் தொல்பொருள் நூதனசாலை ஒன்று உண்டு. கிளிநொச்சிப் பக்கம் கிடைத்த சுடுமண் உருவங்களும், சுண்ணக்கல்லில் செதுக்கிய சமாதி நிலைப் புத்தர் சிலைகளும் அங்கே இருக்கின்றன. அந்தச் சுடுமண் உருவங்களுக்கு முன்னால் நின்ற என் மாணவி ஒருத்தி, “இது எங்கள் ஐயனார் கோயில் குதிரை செய்கிற ஆள் செய்த மாதிரி இருக்கிறது” என்றாள். பார்ப்பவர் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை. எதையாவது தூக்கிக்கொண்டுதான் வருகிறார், கோயில் குதிரையையோ காணிக் கவலையையோ. அட்டை எழுதுபவர் அதைக் கேட்காமல் எழுதினால் அட்டை தனியாக நிற்கும், ஆள் தனியாக நிற்பார்.

அட்டையின் விதி எழுதியவர் கையில் இல்லை என்பதற்கு ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவே சாட்சி. “இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31” என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் அங்கே நின்றது. வசனப்படி அது வெள்ளைக்காரத் தளபதியின் வெற்றிக் கல். வன்னி மக்களோ அதைத் தோற்ற தங்கள் மன்னனின் நினைவுக்கல்லாகவே வாசித்தார்கள். கப்டனின் பெயர் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. போருக்குப் பின் அந்தக் கல் உடைக்கப்பட்டபோது ஊர் துக்கப்பட்டதும் பண்டாரவன்னியனுக்காகத்தான்.

என்ன வைத்தோம்

மூன்று வகுப்பறைகளும் முற்றமும் கிடைத்தன. முதல் அறையில் பழைய மீன்தொட்டி ஒன்றைக் கழுவி மண் அடுக்கு செய்தோம். அடியில் செம்மண்ணும் பரலும். இலங்கையின் உலர்வலயக் கரையோரத்தில் காணப்படும் இத்தகைய பழம்படிவுகளுக்கு ஆய்வாளர் வைத்திருக்கும் பெயரே “இரணைமடு படிவு”. பழைய கற்காலக் கருவிகள் அவற்றில் கிடைத்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு இரணைமடு என்றால் குளம், வான்கதவு, மாரி வெள்ளம். தங்கள் குளத்தின் பெயர் உலகத்துக் கற்கால ஆய்வுகளில் இருக்கிறது என்றபோது அவர்கள் நம்பவில்லை. தொட்டியின் நடு அடுக்கில் உடைந்த புதுச் சட்டித்துண்டுகளை வைத்து, “மாதிரி, உண்மையல்ல” என்று பெரிதாக எழுதினோம். மேல் அடுக்கில் என்ன வைப்பது என்று பிள்ளைகளிடம் விட்டேன். சோடாப் போத்தல் மூடி, பற்றறி, தறப்பாள் துண்டு ஆகியவற்றை வைத்தார்கள். தறப்பாள் துண்டு எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்க்க வந்த பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது அறையில் மன்னாரின் பழைய துறைமுகமான மாந்தை. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழு அங்கே அகழ்ந்தது, போரால் நின்றது, 2009-10இல் மீண்டும் தொடங்கியது. அந்த மண்ணைச் சலித்து நீரில் மிதக்கவிட்டு எடுத்தவற்றில் மிளகும், கி.பி. 900-1100 காலத்துக் கராம்பும் இருந்தன. அக்காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே. படங்களும் வரைபடமும் ஒட்டியபின் ஏதோ குறைகிறது என்று பட்டது. சக ஆசிரியை ஒருவர் வீட்டிலிருந்து ஒரு சிரட்டை நிறையக் கராம்பு கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதன்பின் அந்த அறைக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. முகர்ந்தார்கள், கடித்தார்கள், பல்வலிக்குச் சட்டைப்பையில் போட்டார்கள். “இது இந்தோனேசியாவிலிருந்து மாந்தைக்கு எதிலே வந்தது?” என்று கேட்டார்கள். இங்கிலாந்தின் யோர்க் நகரில் 1984இல் திறந்த யோர்விக் வைக்கிங் மையத்தில் பழைய நகரத்தின் நாற்றத்தையே செயற்கையாகச் செய்து காட்டுகிறார்களாம். எங்களுக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை.

விசாகனின் கதை

மூன்றாவது அறைதான் காட்சியின் மையம். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் கற்குகைகளின் முகப்பில் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டாய்வாளர் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் அவற்றின் வாசிப்பு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவற்றில் இரண்டு, விசாகன் என்ற ஒரு வணிகனைக் குறிக்கின்றன. சொற்கள் இவை: தமெட, வணிஜ, கஹபதி, விசாக, லெண. தமிழ் வணிகனான குடும்பத்தலைவன் விசாகனின் குகை என்பது பொருள். எழுத்து பிராமி, மொழி பிராகிருதம், குகை பௌத்தத் துறவியருக்கானது, ஆள் தமிழன்.

முதல் அட்டையை நானே எழுதினேன்: “பிராமிக் கல்வெட்டு. மொழி பிராகிருதம். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலம். குகைத் தானம். இடம் பெரியபுளியங்குளம்.” ஒரு பிழையும் இல்லை. ஒருவரும் நிற்கவும் இல்லை. பத்து மணிவரை பார்த்தேன். கராம்பு அறையிலிருந்து வந்தவர்கள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே குளிர்பானம் இருக்கிறதா என்று விசாரித்தபடி போனார்கள்.

சக ஆசிரியர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு மார்க்கரால் புதிய அட்டை எழுதினார்: “ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வன்னியில் தமிழர்!” உடனே கூட்டம் கூடியது. கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். ஒருவர் அட்டைக்குப் பக்கத்தில் நின்று தானும் படம் எடுத்துக்கொண்டார். ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். படத்தை எடுத்தவர்கள் கல்வெட்டை எடுக்கவில்லை, அட்டையைத்தான் எடுத்தார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. தெரிந்த பதிலை உறுதி செய்துகொண்டு போனார்கள். அதையே புரட்டி, “ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வன்னியில் பௌத்தம்!” என்று எழுதினாலும் அதே கல்வெட்டு அதற்கும் தலையாட்டும். அப்போது வேறொரு கூட்டம் படம் எடுக்கும்.

பதினொன்றரை மணிக்கு ஒரு முதியவர் வந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், விவசாயி. கண்ணாடியை மாற்றிப் போட்டு அட்டையையும் சொற்பொருளையும் நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, தமிழன் என்று ஏன் எழுதிவைத்தான்? என் வீட்டு வாசலில் நான் தமிழன் என்று எழுதுவேனா? ஊர் முழுக்கத் தமிழன் என்றால் எழுத வேண்டிய தேவை இல்லையே?”

எனக்குப் பதில் வரவில்லை. சிவப்பு மார்க்கர் ஆசிரியருக்கும் வரவில்லை. அட்டைக்குக் காவல் நின்ற தரம் பத்து மாணவி சொன்னாள்: “அப்பு, கொழும்பு வெள்ளவத்தையில் கடை போட்டால் யாழ்ப்பாணம் என்று போர்டு எழுதுகிறார்கள்தானே?” முதியவர் சிரித்துவிட்டு, “அப்படியென்றால் இவனுக்கு இது வெள்ளவத்தையா, சொந்த ஊரா?” என்றார். கிழவர் விடுகிற மாதிரி இல்லை. தமிழனும் அல்லாதவனும் கலந்து வாழ்ந்த இடமாக இருக்கலாம், வணிகர் கூட்டத்துக்கு அது அடையாளப் பெயராக இருக்கலாம், தானம் எழுதியவர் பிக்குகள் என்பதால் அவர்கள் கொடுத்த பெயராகவும் இருக்கலாம் என்று அங்கேயே நான்கைந்து பேர் பேசத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் அந்தப் பேச்சு ஓயவில்லை.

மதிய இடைவேளையில் சிவப்பு அட்டையைக் கழற்றினோம். மூன்றாவது அட்டையில் வாக்கியமே இல்லை. ஐந்து சொற்களையும் ரெஜிபோம் அட்டையில் ஐந்து தனித் துண்டுகளாக வெட்டி, பிராமி எழுத்தை முன்புறமும் பொருளைப் பின்புறமும் எழுதினோம். மேலே முதியவரின் கேள்வியை அப்படியே வைத்தோம்: “விசாகன் ஏன் தன்னைத் தமிழன் என்று எழுதினான்?” கீழே, எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தவற்றையும் ஊகங்களையும் இரண்டு நிறத்தில் பிரித்து எழுதினோம்.

பிற்பகலில் மதவாச்சிப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கு வந்து படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை ஒருவர், எங்கள் ஆசிரியையின் தோழி, தன் மகனோடு வந்திருந்தார். அவர் “லெண” துண்டைத் திருப்பாமலே “குகை” என்றார். சிங்களத்தில் இன்றும் குகைக்கு “லென” என்றுதான் சொல்கிறார்கள். “வணிஜ” துண்டை எங்கள் பிள்ளைகள் திருப்பாமலே சொன்னார்கள். விசாக என்றதும் ஒரே நேரத்தில் இரண்டு குரல். எங்கள் பிள்ளைகள் “வைகாசி விசாகம், வட்டாப்பளைப் பொங்கல்!” என்றார்கள், ஆசிரியையின் மகன் “வெசாக்!” என்றான். இரண்டும் ஒரே விசாகம்தான். “தமெட” துண்டைத் திருப்பியபோது ஆசிரியை ஒரு கணம் நின்றார். பிறகு, “இதை எங்கள் புத்தகத்தில் நான் படித்ததில்லை, சேர்” என்றார். பௌத்தக் குகைக்குத் தானம் கொடுத்தவன் தமிழன் என்பதை எங்கள் பிள்ளைகளும் அன்றுவரை படித்ததில்லை. மணிமேகலை பௌத்தக் காப்பியம் என்று தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்திருந்தார்கள். அது வேறு பாடம், வேறு பரீட்சை.

முற்றத்துச் சதுரம்

முற்றத்தில் ஒரு மீற்றர் சதுரம் ஆற்றுமணலால் நிரப்பி, முளையடித்து, நூல் கட்டி, உடைந்த சட்டித்துண்டுகளைப் புதைத்திருந்தோம். பிள்ளைகள் தூரிகையால் அகழ்ந்து பார்க்கட்டும் என்பது திட்டம். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் அகழ்வுக் குழியையே மக்களுக்குக் காட்டுகிறார்கள் என்று வாசித்த உற்சாகம். வன்னியில் அதைச் செய்யும்போது வருவதை நான் யோசிக்கவில்லை. இங்கே பிள்ளைகள் தவழும் வயதிலிருந்து கேட்பது ஒரே புத்தி: மண்ணைக் கிளறாதே, தெரியாத இரும்பைத் தொடாதே. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்குப் பக்கத்தால் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளிடம், “வா, கிண்டிப் பார்” என்கிறேன். காலையில் இரண்டு தாய்மார் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சரியான பயம். தலைகுனிந்து நின்றேன்.

அந்த நிலைமையை மாற்றியவர் மாணவி ஒருத்தியின் தாய். கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர். நூல் கட்டிய சதுரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முழந்தாளில் உட்கார்ந்தார். தூரிகையோடு நின்ற பையனிடம், “மேலிருந்து குத்தாதே அப்பன், பக்கத்திலிருந்து சரித்து வா” என்றார். சட்டித்துண்டு ஒன்றின் விளிம்பு தெரிந்தபோது அவன் கை நீண்டது. அவர் கையைப் பிடித்தார். “கண்டவுடன் தூக்கக் கூடாது. எங்கே கிடக்கிறது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது, எழுது. பிறகு பார்.”

நான் ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாதது அது. பெக்கோ குவியலில் ஓடு எடுத்த மாணவனும் அங்கே நின்றான். அவர் அவனுக்குத் தன் பழைய வேலையைச் சொன்னார்: ஒரு மீற்றர் அகலப் பாதை, சிவப்புத் தலைக் குச்சி, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு, கண்ட ஒவ்வொன்றுக்கும் படிவம். இழுத்துக்கொண்டு போன தாய்மாரில் ஒருவர் திரும்பி வந்து, பிள்ளையை விட்டுவிட்டு ஓரத்தில் நின்றார். “வெடிச்சாமான் இல்லாத இடம் என்று பார்த்துத்தானே செய்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். ஒன்றும் இல்லை என்று கண்ணிவெடி அகற்றிய அந்த அம்மாவே உறுதி சொன்ன பிறகு சிரித்தார்.

பிழைத்தவை

அட்டைகளைப் பெரியவர் கண்மட்டத்துக்கு ஒட்டினோம். சின்னப் பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்றார்கள். எழுத்து சிறிது. சிங்கள அட்டை ஒன்றே ஒன்று, அதிலும் எழுத்துப் பிழை, விருந்தாளி ஆசிரியை பேனா கேட்டுத் திருத்தினார். மீன்தொட்டி மாதிரி என்று பெரிதாக எழுதியிருந்தும், அது எங்கள் குளத்தில் உண்மையாக வெட்டி எடுத்த மண் என்று ஊரில் கதை பரவியது. “உண்மையல்ல” என்பதை மீன்தொட்டியின் பக்கத்தில் ஒட்டாமல் மண்ணுக்குள்ளேயே செருகியிருக்க வேண்டும். சிவப்பு அட்டையைக் கழற்றியது சிலருக்குக் கோபம். யாரோ சொல்லித்தான் கழற்றினோம் என்று பேசிக்கொண்டார்கள். கழற்றுவதற்கு முன் அதற்குரிய காரணத்தை அங்கேயே எழுதி ஒட்டியிருக்கலாம். சக ஆசிரியர் இன்றும் அந்த அட்டைதான் சிறந்தது என்கிறார். கூட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

வவுனியா நூதனசாலைக்கு அடுத்த தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது குறிப்பெடுக்கும் தாளை மாற்றினேன். முன்பெல்லாம் “சிலையின் பெயர், காலம், கல்லின் வகை” என்று மூன்று கோடு போட்டுக் கொடுப்பேன். இப்போது ஒரு பொருளை மட்டும் தேர்ந்து, அது எங்கே கிடந்தது, யார் கண்டார், அதைப் பற்றி உனக்கு என்ன தெரியவில்லை என்று எழுதச் சொல்கிறேன். மூன்றாவது கோடுதான் நிரம்பி வழிகிறது.

விசாகனின் ஐந்து துண்டுகளில் “கஹபதி” காணாமற்போய்விட்டது. கராம்போடு யாரோ சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். குளத்துக் கட்டு வேலை முடிந்துவிட்டது. அந்த மூன்று ஓடுகளும் புதிதாகக் கொட்டிய மண்ணுக்கு அடியில் எங்கோ கிடக்கின்றன. சிவப்புப் புள்ளி வைத்த டிமைத் தாள் பாடசாலை அலுமாரியில், வரவுப் பதிவேடுகளுக்கு அடியில் இருக்கிறது. அதை வரைந்தவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். குளிக்கப் போகும்போதெல்லாம், குளக்கரையின் இரண்டாவது மரத்திலிருந்து அந்தப் புள்ளி எத்தனை அடி என்று இன்னும் எண்ணிப் பார்க்கிறானாம்.